கேள்வி – பதில்: நீர் குழாயை அடிக்கிறதா, குழாய் நீரை அடிக்கிறதா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவை என்றாலும், ஒரே பொருளைச் சுற்றியே வருகின்றன. வளைந்து கொடுக்கும் திடப்பொருளும், அமுங்கிக் கொடுக்கும் நீரோ காற்றோ ஒன்றையொன்று தள்ளும்போது நடப்பதைக் கணிதத்தில் எப்படி எழுதுவது என்பதே அந்தப் பொருள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்த ஐந்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் தோட்டத்து ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டாரை 400 அடியில் இறக்கியிருக்கிறோம், முழுவதும் ஜி.ஐ. குழாய். கரண்ட் நிற்கும் ஒவ்வொரு முறையும் பூமிக்குள் சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம் எழுந்து, மேலே கிளாம்ப் வரைக்கும் அதிர்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் அதே ஆழத்துக்குக் கறுப்பு ஓஸ் குழாய் போட்டிருக்கிறார்கள். அங்கே சத்தம் இல்லை. நீரை அமுக்க முடியாது என்றுதானே பள்ளியில் படித்தோம்? பிறகு இந்த அடி எங்கிருந்து வருகிறது?
— ஒரு விவசாயி, பல்லடம் வட்டம்

நீரை அமுக்க முடியாது என்பது பள்ளிப் பாடத்தின் வசதிக்காகச் சொல்லப்படுவது. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கூடினால் நீரின் பருமன் ஏறத்தாழ 22,000இல் ஒரு பங்கு குறைகிறது. ஒரு குவளை நீரில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் குழாயில் நிற்பது 122 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம்; அதன்மேல் 14 கிலோ அழுத்தம் கூடினால் தம்பம் 7 சென்டிமீட்டருக்கும் மேல் குறுகும். அதாவது உங்கள் குழாயில் நிற்பது நீரால் ஆன ஒரு சுருள்வில் என்று வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரம் நின்றதும் நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள். மேலே ஏறிக்கொண்டிருந்த நீர் வேகம் குறைந்து ஒரு கணம் நின்று, பிறகு கீழே விழத் தொடங்குகிறது. பம்பின் தலையில், நீரைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு அந்த நிற்கும் கணத்திலேயே மூடியிருக்க வேண்டும். மணல் சிக்கியோ சுருள் தளர்ந்தோ அது தாமதித்தால், நீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும்போது கதவு மூடுகிறது. அடியில் உள்ள நீர் அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேலே உள்ள நீருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேராததால் அது விழுந்துகொண்டே இருந்து கீழுள்ளதை நெருக்குகிறது. இந்த நெருக்கம் ஓர் அலையாக மேலே ஏறுகிறது. அப்போது கூடும் அழுத்தம், நீரின் அடர்த்தி, அலையின் வேகம், நின்றுபோன நீரின் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைப்பதாகும். மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்தி, ரஷ்ய அறிவியலாளர் நிகொலாய் ஜுக்கோவ்ஸ்கி 1898இல் வெளியிட்ட விதி இதுதான். நம் பம்புப் பட்டறைகளில் ‘வாட்டர் ஹாமர்’ என்று சொல்வதும் இதையே.

அலையின் வேகம் எவ்வளவு என்ற இடத்தில்தான் குழாய் உள்ளே வருகிறது. பரந்த நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் செல்லும். குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் குழாயும் சற்றுப் புடைக்கிறது. புடைப்பு நீருக்கு இடம் கொடுப்பதால் அலை மந்தமாகிறது. எவ்வளவு மந்தமாகும் என்பதை டச்சுக் கணிதர் கோர்ட்டேவெக் 1878இல் கண்டார். நீரின் பருமக் குணகத்தை (அமுங்க மறுக்கும் அளவு) குழாய்ப் பொருளின் யங் குணகத்தால் (நீள மறுக்கும் அளவு) வகுத்து, குழாயின் விட்டத்தைச் சுவரின் கனத்தால் வகுத்து, இரண்டையும் பெருக்கி, 1ஐக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தால் 1,480ஐ வகுக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் உள்விட்டமும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புக் குழாய்க்கு விடை சுமார் 1,390. அதே விட்டத்தில் 5 மில்லிமீட்டர் கனமுள்ள பி.வி.சி. குழாய்க்கு 510ஐ ஒட்டியும், 6 மில்லிமீட்டர் கனமுள்ள கறுப்பு ஓஸ் குழாய்க்கு 320ஐ ஒட்டியும் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் எல்லாக் குழாய்க்கும் 1,480 என்றே போட்டுப் பெருக்கிக் காட்டி, எழுத்துக் கணக்கே போடாத ஒரு மூத்த ஃபிட்டரிடம் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

ஆக, வினாடிக்கு 1 மீட்டர் வேகம் திடீரென நின்றால் உங்கள் இரும்புக் குழாயில் 14 கிலோவும், பக்கத்துத் தோட்டத்து ஓஸ் குழாயில் 3 கிலோவுக்குச் சற்று மேலும் கூடுகின்றன. குழாய் நிறைய நீர் நிற்பதாலேயே அடியில் 12 கிலோ ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர் குழாயைப் புடைக்கச் செய்கிறது. புடைத்த குழாய் சுருங்கி நீரைத் திருப்பித் தள்ளுகிறது. யார் முதலில் அடித்தது என்பது கோழியா முட்டையா என்ற கதைதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்வரும் எல்லாப் பதில்களுக்கும் அதுவே அச்சாணி. அலை உங்கள் குழாயின் உச்சிக்குப் போய்த் திரும்ப 0.18 வினாடி ஆகிறது. வால்வு அதைவிட விரைவாக மூடினால்தான் மேற்சொன்ன முழு அடியும் விழும். பல வினாடிகள் எடுத்து மெல்ல மூடினால், அதற்குள் அலை பலமுறை போய்வந்து அழுத்தத்தைச் சமப்படுத்திவிடும். அப்போது நீரை அமுங்காத ஒரே கட்டையாக வைத்துக் கணக்கிட்டாலும் விடை சரியாகவே வரும். நீர், காற்று போன்ற ஒரு பாய்மம் அமுங்குமா அமுங்காதா என்று தனியே கேட்பதில் பொருளில்லை. மாற்றம் நடக்கும் நேரமும் அலை கடக்கும் நேரமும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்கின்றனவா என்பதே கேள்வி.

உங்களுக்குச் செய்ய வேண்டியது: குழாயை மாற்றும் முன் வால்வை வெளியே எடுத்துப் பாருங்கள். சுருளின் விசையால் முன்கூட்டியே மூடும் வகை வால்வு ஒன்றைப் பம்பின் தலையிலும், ஆழத்தைப் பொறுத்து இடையில் இன்னொன்றையும் போடுவது வழக்கம். ஓஸ் குழாய்க்கு மாறுவதாக இருந்தால், நிற்கும் நீரின் அழுத்தத்தோடு இந்த அடியையும் கூட்டி, அதைத் தாங்கும் தரத்தில் வாங்குங்கள். அடி சிறிதானாலும் நாள்தோறும் பலமுறை விழுந்தால் பிளாஸ்டிக் களைத்துப்போகும். தோட்டத்தில் ‘லைன் காற்று வாங்குகிறது’ என்று குறை சொல்கிறோம். அந்தக் காற்றையே ஒரு மூடிய கலத்தில் அடைத்துக் குழாயோடு இணைத்தால் அதுவே மெத்தையாகிவிடும். காளிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளங்குட்டைகளுக்கு நீர் கொண்டுசெல்லும் அத்திக்கடவு – அவினாசித் திட்டம் போன்ற நீண்ட குழாய்த்தொடர்களிலும், மின்தடை வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதே விதிதான் முதல் விடை.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக மெல்லிய ரப்பர் குழாயில் நீர் பாய்வதைக் கணினியில் மாதிரியாக்க முயல்கிறேன். நீருக்கு ஒரு நிரல், சுவருக்கு ஒரு நிரல். நேரத்தைச் சிறு சிறு காலப்படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒன்றின் விடையை மற்றதற்குக் கொடுக்கிறேன். சில படிகளிலேயே அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கிக் கணக்கு சிதறிவிடுகிறது. காலப்படியைப் பாதியாக்கினால் இன்னும் விரைவில் சிதறுகிறது. என் நிரலில் எங்கே பிழை?
— ஒரு பொறியியல் மாணவி, பெருந்துறை

நிரலில் பிழை இல்லாமலும் இப்படி நடக்கும். காரணத்துக்கு வரும் முன், மற்ற வாசகர்களுக்காக இந்த மாதிரியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

திடப்பொருளில் நாம் தேடுவது ஒவ்வொரு துகளும் தன் இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதை. தகைவும் (ஓரலகு பரப்பில் உள்ள விசை) திரிபும் (உருமாற்றத்தின் விகிதம்) ஊக் விதிப்படி நேர்விகிதத்தில் இருப்பதாகக் கொண்டால், எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள பொருளுக்கு இரண்டு மாறிலிகள் போதும்; அவற்றிலிருந்து நெருக்கும் அலை, குறுக்கே அசைக்கும் அலை என இரண்டு அலைகள் பிறக்கின்றன. பாய்மத்தில் தேடுவது அடர்த்தி, வேகம், அழுத்தம் ஆகியவற்றை. பொருள் அழியாமை, உந்தம் அழியாமை, அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள உறவு ஆகியவை சமன்பாடுகளைத் தருகின்றன. பார்க்கும் முறையும் இரண்டுக்கும் வேறு. காளிங்கராயன் வாய்க்காலில் மிதந்து போகும் ஓர் இலையின் கூடவே கரையில் நடந்து போவது லக்ராஞ்சியின் முறை. மடையருகே நின்றபடி கடந்து போகும் நீரைக் கவனிப்பது ஆய்லரின் முறை. திடப்பொருளுக்கு முன்னதும் பாய்மத்துக்குப் பின்னதும் பொருந்தும். சுவர் அசையும்போது பாய்மத்தைக் கணக்கிடப் போட்ட வலைக்கட்டமும் அசைந்தாக வேண்டும் என்பதால், இலையோடும் போகாமல் மடையிலும் நிற்காமல், நாமே ஒரு வேகத்தை வைத்துக்கொண்டு கரையில் நடக்கும் மூன்றாவது முறை ஒன்று 1970களில் வழக்கத்துக்கு வந்தது.

இரண்டையும் கட்டிப்போடுவது எல்லையில் உள்ள நிபந்தனைகள். சுவருக்குச் செங்குத்தான திசையில் இரண்டின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடையே வெற்றிடம் உண்டாகும் அல்லது ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். ஒன்று மற்றதன்மேல் செலுத்தும் விசை சமமாகவும் எதிராகவும் இருக்க வேண்டும். பாகுத்தன்மையைக் கணக்கில் எடுத்தால் சுவரை ஒட்டிய நீர் சுவரோடு ஒட்டியே நகரும்; எடுக்காவிட்டால் வழுக்கிச் செல்லலாம், ஆனால் சுவரின்மேல் உராய்வு விசை இருக்கக் கூடாது. பாடநூல்களில் உட்புறச் சமன்பாடுகளுக்குப் பல அத்தியாயங்களும் இந்த எல்லைக்குச் சில வரிகளும் கிடைக்கின்றன; நடைமுறையில் தொல்லை வருவது அந்தச் சில வரிகளில்தான் என்பது என் அனுபவம்.

இனி உங்கள் சிக்கல். சுவர் முடுக்கம் பெறும்போது அதை ஒட்டிய நீரும் முடுக்கம் பெற்றாக வேண்டும். ஆகவே சுவருக்குத் தன் சொந்த நிறையோடு ஒரு கூடுதல் நிறையும் இருப்பதுபோல் ஆகிறது. உங்கள் முறையில், இந்தப் படியின் சுவர் முடுக்கத்தைக் காணச் சென்ற படியின் முடுக்கத்தால் விளைந்த நீரழுத்தத்தைப் பயன்படுத்துகிறீர்கள். கூடுதல் நிறை சுவரின் நிறையைப்போல் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் படியில் 1 என்ற சிறு பிழை இருந்தால், அடுத்த படியில் அது –3, பிறகு 9, பிறகு –27. குறி மாறி மாறி வருவதால்தான் உங்களுக்கு அழுத்தம் ஏறி இறங்கித் தெரிகிறது. இந்தப் பெருக்கத்தில் காலப்படியின் அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நீரை அமுங்காதது என்று வைத்தால் கூடுதல் நிறை மாறாது. காலப்படியைப் பாதியாக்கினால் அதே நேரத்துக்குள் இரு மடங்கு படிகள் நடந்து, இரு மடங்கு வேகத்தில் சிதறும். கோசென், ஜெர்போ, நோபிலே ஆகிய மூவர் இதை 2005இல் ஓர் எளிய குழாய் மாதிரியில் கணித முறையில் நிறுவினார்கள். சுவரின் அடர்த்தியும் பாய்மத்தின் அடர்த்தியும் நெருங்கிய, மெல்லிய சுவருள்ள குழாய்களில்தான் இது கடுமையாகும். இரத்தக் குழாய் அதற்கு நல்ல சான்று; உங்கள் ரப்பர் குழாயும் அவ்வகையே.

நீரை அமுங்கக்கூடியதாக வைத்தால் நிலை மாறுகிறது. ஒரு காலப்படிக்குள் ஒலி எட்டும் தூரத்தில் உள்ள நீர் மட்டுமே சுவரோடு சேர்ந்து அசையும். படியைப் பாதியாக்கினால் கூடுதல் நிறையும் பாதியாகும். ஆகவே சிறிய படிக்கு இந்த முறை நிற்கும். ஆனால் எவ்வளவு சிறியது? 1 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் சுவர் சதுர மீட்டருக்கு 1 கிலோவைச் சற்றே தாண்டும்; நீரின் அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 15 லட்சம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு மைக்ரோ வினாடிக்கும் குறைவான காலப்படி கிடைக்கிறது. அதே ரப்பரைச் சுற்றிக் காற்று இருந்தால் 2 மில்லிவினாடிக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளலாம். காற்றோடு வேலை செய்பவர்கள் உங்கள் எளிய முறையையே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. ஒவ்வொரு காலப்படிக்குள்ளும் இரு நிரல்களையும் எல்லையில் உடன்பாடு வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு முறையும் புதிய விடையின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். அந்தப் பகுதி எவ்வளவு என்பதை முந்தைய சுற்றுகளின் பிழையிலிருந்து தானே சரிசெய்துகொள்ளும் எய்ட்கன் முறை இதற்குப் பெரிதும் கைகொடுக்கும். அல்லது இரண்டின் சமன்பாடுகளையும் ஒரே அணியில் (matrix) எழுதி ஒருசேரத் தீர்க்கலாம். பின்னது உறுதியானது, ஆனால் முதலிலிருந்து நிரல் எழுத வேண்டியிருக்கும். திட்டப்பணிக்கு மீதமிருக்கும் மாதங்களை எண்ணிப் பார்த்தால் முன்னதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

1900ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது மேட்டூர் அணை இல்லை. இன்று அணை நிறைந்திருக்கும்போது அப்படி ஒன்று வந்தால், நீர் அணையைத் தள்ளுவதை எப்படிக் கணக்கிடுவார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மேட்டூர்

நீங்கள் சொல்வது 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்டு, தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்ட நிலநடுக்கம். அதன் அளவு 6ஐ ஒட்டியது என்று மதிப்பிடுகிறார்கள். மேட்டூர் அணை முடிந்தது 1934இல். அதற்கு ஓராண்டு முன்னர்தான், 1933இல், இந்தக் கேள்விக்கான முதல் நல்ல விடையை வெஸ்டர்கார்ட் என்பவர் அமெரிக்காவில் வெளியிட்டார். அவர் அணையை அசைந்து கொடுக்காத செங்குத்துச் சுவராகக் கொண்டார். ஆனால் நீர் அமுங்குவதை விட்டுவிடவில்லை. நடைமுறைக்கு அவர் தந்த சுருக்கம் இன்றும் புழங்குகிறது: அணையோடு ஒட்டிக்கொண்டு ஒரு குறிப்பிட்ட கனத்துக்கு நீரும் சேர்ந்து அசைவதாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கனம், நீரின் மொத்த ஆழத்தையும் மேற்பரப்பிலிருந்து நாம் பார்க்கும் இடத்தின் ஆழத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதில் எட்டில் ஏழு பங்கு. 120 அடி நீர் நின்றால் அடியில் 32 மீட்டர் கனமும், பாதி ஆழத்தில் 22 மீட்டருக்குச் சற்று மேலும் வரும். மாணவியின் கேள்வியில் வந்த அதே கூடுதல் நிறைதான், இங்கே அணைச் சுவரின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அணையும் வளைந்து கொடுக்கும். அணையின் நெகிழ்வையும் நீரின் அமுக்கத்தையும் சேர்த்துத் தீர்க்கும் வேலையை 1960களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் அனில் சோப்ரா முன்னெடுத்தார். அவர் கண்ட பயனுள்ள அளவுகோல் இது: நீர்த்தேக்கத்தின் இயல் அதிர்வெண் (தானாக அதிரும் வேகம்), அணையின் இயல் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால் நீர் அமுங்குவதை விட்டுவிடலாம், இரண்டும் நெருங்கினால் விடக் கூடாது. நீர்த்தேக்கத்தின் அதிர்வெண்ணைக் காண்பது எளிது. நீரின் ஒலிவேகத்தை ஆழத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 120 அடிக்கு வினாடிக்குப் பத்து அதிர்வுகள். 60 அடிக்கு இருபது. நீர் இறங்கிக் கிடக்கும் கோடையில் பொருந்துகிற எளிய கணக்கு, ஆடிப்பெருக்கை ஒட்டி அணை நிறைந்து நிற்கும்போது போதாமல் போகக்கூடும் என்பது இதன் பொருள். அடியில் படிந்த வண்டல் அலையின் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால், அதையும் பிற்காலக் கணக்குகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். அணை முகத்தின் சரிவு முதலிய நுணுக்கங்கள் வேறு.

உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளின் இறக்கை வளைவதைக் கணக்கிடும்போது காற்று அமுங்குவதையும் சேர்ப்பார்களா?
— ஒரு வாசகர், குடிமங்கலம்

பொதுவாகச் சேர்ப்பதில்லை. இறக்கையின் நுனி வினாடிக்கு 80 மீட்டர் அளவில் சுற்றினாலும் அது ஒலிவேகத்தில் கால் பங்குக்கும் குறைவு. காற்றின் அடர்த்தி அதனால் மாறுவது நூற்றுக்கு மூன்று பங்குக்குள் அடங்கிவிடும். நீரை அமுங்குவதாகவும் காற்றை அமுங்காததாகவும் ஒரே பக்கத்தில் எழுதுகிறேனே என்று கேட்காதீர்கள். முதல் பதிலில் சொன்ன அச்சாணிதான் காரணம்: மாற்றம் நடக்கும் நேரத்தை அலை கடக்கும் நேரத்தோடு ஒப்பிட வேண்டும். இறக்கை எழுப்பும் ஓசை தோட்டத்துச் சாளை வரை எப்படிக் கேட்கிறது என்று கேட்டிருந்தால், அமுக்கத்தைச் சேர்க்காமல் விடை சொல்ல முடியாது.

மாரியம்மன் பண்டிகைக்குப் பறை, உருமி, பம்பை மூன்றும் அடிக்கிறோம். பறைக்கு முதுகு திறந்திருக்கிறது. உருமிக்கும் பம்பைக்கும் இரு பக்கமும் தோல். உள்ளே அடைபட்ட காற்று ஒலியை மாற்றுமா?
— ஒரு மேளக் கலைஞர், அந்தியூர்

மாற்றும். பறையைத் தீயில் காய்ச்சித் தோலை இறுக்குகிறீர்கள். இறுக்கம் கூடினால் சுரம் ஏறும் என்பது மீள்தன்மையின் பக்கம். காற்றின் பக்கம் இரண்டு விளைவுகள் உண்டு. தோலின் இரு புறமும் உள்ள காற்று தோலோடு சேர்ந்து அசைவதால் கூடுதல் நிறையாகிச் சுரத்தைத் தாழ்த்துகிறது. இது பறைக்கும் உண்டு, உருமிக்கும் உண்டு. அடைபட்ட காற்றோ வில்லாகவும் வேலை செய்கிறது. தோல் முழுவதும் ஒரே திசையில் உள்ளே போகும்போது காற்றின் பருமன் குறைவதால் அது திருப்பித் தள்ளி, அந்த அதிர்வின் சுரத்தை மட்டும் உயர்த்துகிறது. தோலின் ஒரு பாதி உள்ளேயும் மறு பாதி வெளியேயும் போகும் அதிர்வுகளில் பருமன் மாறாததால் வில்லின் வேலை அங்கே இல்லை. இரு பக்கமும் தோல் இருக்கும்போது ஒன்றை அடித்தால் மற்றதும் அசைகிறது. இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தால் காற்று நெருங்காது, சுரம் தாழ்ந்தே இருக்கும்; எதிரெதிராக நகர்ந்தால் காற்று நெருங்கிச் சுரம் ஏறும். இவ்விரண்டும் கலந்தே கேட்கின்றன. வெறும் தோலின் அதிர்வெண்கள் இசைக்குரிய முழு எண் விகிதத்தில் இருப்பதில்லை. மிருதங்கத்தின் நடுவே இடும் கரும்பூச்சு அவற்றை அந்த விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று சர் சி. வி. ராமன் 1920இல் எழுதினார். அங்கே விகிதத்தைத் திருத்துவது பூச்சின் எடை. காற்றின் எடைக்கும் அத்திசையில் ஒரு சிறு பங்கு உண்டு.

இதைக் கணக்கில் எழுதும்போது ஒரு வசதி கிடைக்கிறது. ஒரு முழம்கூட இல்லாத மேளத்தின் உட்புறத்தை ஒலி கடக்க ஒன்றரை மில்லிவினாடிகூட ஆகாது. வினாடிக்கு நூறு முறை அதிரும் தோலுக்கோ ஒரு சுற்றுக்குப் பத்து மில்லிவினாடி. ஆகவே உள்ளே காற்று அமுங்குகிறது, ஆனால் அலையாக ஓடுவதில்லை; உள்ளே எங்கும் ஒரே அழுத்தம் என்று வைத்து, காற்று முழுவதையும் ஒரே ஒரு வில்லாக எழுதிவிடலாம். குச்சி பட்டவுடன் எழும் கூர்மையான ‘கிண்’ ஒலிக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே அதிர்வெண் வினாடிக்கு ஆயிரத்தைத் தாண்டுவதால், அலைச் சமன்பாட்டையே எடுக்க வேண்டும்.